குழலைத் தொடாத கட்டை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பழைய வீடுகளில் மரக்கதவு நிலையோடு இறுகிவிடும். கோடையில் ஒரு விரலால் தள்ளினால் திறந்த கதவு, அப்போது தோள்கொடுத்து முட்டினால்தான் அசையும். மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். இதே ஊதல் 1960-களில் வியட்நாமில் இருந்த அமெரிக்க மரைன் படையினரைப் பெரும் திண்டாட்டத்தில் விட்டது.

குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்காக 1966-இல் மரைன் படை ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு எம்40 என்று பெயர் வைத்தார்கள். போருக்கென்றே பிறந்த கருவி அல்ல அது. ரெமிங்டன் நிறுவனம் 1962 முதல் மான் வேட்டைக்காரர்களுக்கு விற்றுவந்த ‘மாடல் 700’ துப்பாக்கியின் நேரடி வாரிசு. எஃகுக் குழல், அதைத் தாங்கும் வால்நட் மரக் கட்டை, மேலே ஒரு தொலைநோக்கி. சொந்த நாட்டுச் சுடுதளத்தில் அருமையாகச் சுட்டது. வியட்நாமின் மழைக்காட்டுக்குப் போனதும் கட்டை ஊதியது, முறுக்கிக்கொண்டது, குழலின்மீது சாய்ந்து அழுத்தியது. நேற்று சரியாக இருந்த குறி இன்று விலகியது. எழுபதுகளில் வந்த அடுத்த வடிவமான எம்40ஏ1-இல் மரத்தையே கைவிட்டு, ஈரம் குடிக்காத கண்ணாடியிழைக் கட்டைக்கு மாறினார்கள்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. குண்டு பயணம் செய்வது எஃகுக் குழலுக்கு உள்ளே. மரக்கட்டை இருப்பது வெளியே. கையில் பிடிக்கவும் தோளில் சாய்க்கவும்தான் அது. வெளியே இருக்கும் மரம் சற்று ஊதினால், உள்ளே பாயும் குண்டு ஏன் வழி மாற வேண்டும்? கட்டைவிரல் தடிமன் உள்ள எஃகை ஒரு மரத்துண்டு வளைத்துவிடுமா?

வளைத்துவிடும். எவ்வளவு வளைத்தால் போதும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு தீர்ந்துவிடும்.

துப்பாக்கிச் சுடுதலில் பிழையை அளக்கும் அலகு ‘மினிட்’. ஒரு பாகையை 60 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு அது. நம் பழைய வானநூல்களில் அதற்குக் கலை என்று பெயர். ஒரு கலை அளவு திசை பிசகினால் 100 மீட்டர் தொலைவில் குண்டு 2.9 சென்டிமீட்டர் விலகி விழும். வேட்டைக்காரர்கள் பேசும் கணக்கில், 100 கெஜத்துக்கு ஏறக்குறைய 1 அங்குலம். இப்போது 60 சென்டிமீட்டர் நீளக் குழல் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அது ஒரு கலை அளவு திசை மாற, அதன் வாய் நகர வேண்டிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. இரண்டு தாள் எழுதும் காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனத்தைவிடவும் குறைவு. ஊதிய மரம் அந்த அளவு தள்ளுவதில் வியப்பொன்றும் இல்லை.

ஆனால் கட்டை நிலையாக ஒரே அளவு தள்ளினால் அதனால் தொல்லை கிடையாது. தொலைநோக்கியின் திருகைத் திருப்பி அந்த விலகலைச் சரிசெய்துகொள்ளலாம். இன்று ஒரு அளவு, மழை பெய்த மறுநாள் வேறொரு அளவு, ஐந்தாறு குண்டு சுட்டு இரும்பு சூடான பிறகு இன்னொரு அளவு என்று தள்ளும்போதுதான் தொல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் வேட்டைத் துப்பாக்கியைத் துல்லியமாக்க ஆயுதக் கம்மியர்கள் செய்யும் வேலை எல்லாமே இந்த ஒரு நோயைக் குறிவைத்தவை. ஒவ்வொரு குண்டும் புறப்படும் கணத்தில், துப்பாக்கி முந்தைய குண்டின்போது இருந்த அதே நிலையில் இருக்க வேண்டும்.

அந்தக் கணத்தில் என்னதான் நடக்கிறது? விசையை இழுத்ததும் சுடுமுள் தோட்டாவின் அடியில் மோதுகிறது. வெடிமருந்து எரிந்து, குழலின் பின்முனையில் வளிமண்டலத்தைப்போல் 4,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் எழுகிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெரிதும் விரும்பும் .308 தோட்டாவில் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வாயைக் கடக்கிறது. உட்சுவரில் வெட்டியிருக்கும் திருகுபுரிகள் அதை நொடிக்கு 2,500 சுற்றுக்கு மேல் சுழல வைக்கின்றன. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் மொத்தமே ஒரு மில்லிநொடியைச் சற்றுத் தாண்டும். கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குதான் அது.

அந்தக் குறுகிய நேரத்துக்குள் எஃகு சும்மா இருப்பதில்லை. எஃகில் அதிர்வலை நொடிக்கு சுமார் 5,000 மீட்டர் ஓடும். குண்டு வெளியேறுவதற்கு முன்பே அந்த அலை குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய பத்து முறை போய்விடும். அதோடு, பின்னுதை குழலின் அச்சு வழியே பின்னோக்கித் தள்ளுகிறது. துப்பாக்கியின் எடை மையமோ அந்த அச்சுக்குக் கீழே, கட்டையில் இருக்கிறது. தள்ளும் கோடு ஒன்று, எடை இருக்கும் கோடு வேறொன்று என்பதால் குழல் மேல்நோக்கி நெளிகிறது. ஒரு முனை இறுகப் பூட்டப்பட்டு மறுமுனை வெறுமையில் நிற்கும் எந்தக் கம்பியும் இப்படி அடிபட்டால் மேலும் கீழுமாக ஆடும். குண்டு வெளியேறும்போது வாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும்.

இதை யாரும் ஊகத்தில் சொல்லவில்லை. ஜெர்மனியில் கார்ல் கிரான்ஸ், கோக் என்ற இரு ஆய்வாளர்கள் 1899-இலேயே சுடும் துப்பாக்கியின் குழலசைவை ஒளிப்படமாகப் பதிவு செய்து ஆராயத் தொடங்கியிருந்தார்கள். இங்கிலாந்தில் ஆர்னல்ஃப் மாலக் 1901-இல் ராயல் சொசைட்டியின் நடவடிக்கைகளில் துப்பாக்கிக் குழல்களின் அதிர்வு பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். மின்னணுக் கருவி ஏதும் இல்லாத காலத்தில், மில்லிநொடியில் முடிந்துவிடும் ஓர் அசைவைப் பிடித்துப் பார்த்த அவர்களின் பொறுமை பெரிது.

அதிர்வை ஒழிக்க முடியாது. ஆயிரக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் எஃகு அதிரத்தான் செய்யும். செய்யக்கூடியது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும்படி பார்த்துக்கொள்வது. அதற்குக் குழலும் அதன் பின்பகுதியும் கட்டையில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, எங்கே உரசுகின்றன என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

துப்பாக்கியின் இரும்புப் பகுதியில் குழல் ஒரு பாதி என்றால், அது திருகிப் பூட்டப்பட்டிருக்கும் பின்பகுதி இன்னொரு பாதி. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் அங்கேதான் ஓடுகிறது. அமெரிக்கர்கள் அதை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். அதன் அடியில், முன்புறத்தில் ஒரு சிறு எஃகுத் துண்டு கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கட்டையில் அதற்கென்று வெட்டிய குழியில் அது பொருந்தி உட்காரும். சுடும்போது எழும் பின்னுதை முழுவதையும் மரத்துக்குக் கடத்துவது இந்த உதைத்தாங்கிதான். இரண்டு அல்லது மூன்று திருகாணிகள் ஆக்‌ஷனைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கின்றன.

தொழிற்சாலையில் கட்டைகளை எந்திரம் நூற்றுக்கணக்கில் குடைந்து தள்ளும். குடைவுக்கும் இரும்புக்கும் இடையே அங்கங்கே சிறு இடைவெளி இருக்கும். சில புள்ளிகளில் மட்டும் மேடு தட்டும். திருகாணியை இறுக்கினால், ஆக்‌ஷன் அந்த மேடுகளின்மேல் வளைந்து உட்காரும். ஒவ்வொரு குண்டின் உதையிலும் அது சற்று நழுவி வேறு நிலையில் போய் அமரும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் சிதறும் துளைகளில்தான் அது தெரியும்.

இதற்கு மருந்து, ஆங்கிலத்தில் ‘பெட்டிங்’ எனப்படும் படுகை அமைத்தல். நல்ல கம்மியர் ஒருவர் இந்த வேலையைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். முதலில் ஆக்‌ஷனின் அடிப்பாகத்தில் மெல்லிதாகக் கரிமை பூசுவார். கட்டைக்குள் அழுத்தி வைத்து எடுப்பார். மரத்தில் எங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் தொடுகிறது. மற்ற இடமெல்லாம் வெற்றிடம். பெரும்பாலான தொழிற்சாலைக் கட்டைகளில் கறுப்பு நாலைந்து திட்டுகளாகவே ஒட்டும். பிறகு உதைத்தாங்கியைச் சுற்றியும் அதன் பின்புறமும் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரத்தைச் சுரண்டி எடுப்பார். அந்தப் பள்ளத்தில் எபாக்ஸிப் பிசினைக் குழைத்து நிரப்புவார். இரும்பு நிரந்தரமாக ஒட்டிவிடாமல் இருக்க அதற்கு மெழுகு தேய்த்திருப்பார். திருகாணித் துளைகளையும் மற்ற ஓட்டைகளையும் களிமண்போன்ற பசையால் அடைத்திருப்பார். பிசின் புகுந்து இறுகிவிட்டால் கட்டையை உடைத்துத்தான் இரும்பை வெளியே எடுக்க முடியும் என்பதால், இந்த முன்னேற்பாட்டில் அவர் அவசரப்படவே மாட்டார்.

இதில் உதைத்தாங்கிக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் முன்முகத்திலும் இரு பக்கங்களிலும் அடியிலும் ஒன்றிரண்டு சுற்று நாடா ஒட்டுவார். பின்முகத்தில் மட்டும் ஒட்டமாட்டார். பிசின் இறுகியபின் நாடாவை உரித்தால், பின்முகம் மட்டும் பிசின் சுவரோடு முழுதாகப் படியும். மற்ற பக்கங்களில் மயிரிழை இடைவெளி விழும். உதையைத் தாங்க வேண்டியது பின்முகம். மற்ற முகங்களும் உரசினால், கட்டையைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அவை இரும்பை வெவ்வேறு இடத்தில் நிறுத்திவிடும்.

ஒரு நாள் முழுக்கப் பிசினை இறுகவிட்டுப் பிரித்தால், எந்திரம் இரும்பில் பதித்த நுண்ணிய கீறல்கூடப் படுகையில் அச்சாகியிருக்கும். அந்த ஆக்‌ஷனுக்கு அந்தப் படுகை மட்டும்தான் பொருந்தும். ஐம்பதுகளுக்குப் பிறகு இந்தப் பிசின்கள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கியதும், வேட்டைக்காரர்கள் வீட்டு மேசையிலேயே இதைச் செய்யத் துணிந்தார்கள். இதோடு சிலர் திருகாணிகள் கடந்துபோகும் இடத்தில் அலுமினியத் தூண்களையும் பதிப்பார்கள். மரம் மென்மையானது; திருகாணியை இறுக்க இறுக்க நசுங்கிக் கொடுக்கும். தூண் இருந்தால் இறுக்கம் நேராக உலோகத்தின்மேல் விழும். ஈரமோ உலர்ச்சியோ அதைத் தளர்த்தாது.

படுகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. குழலும் கட்டையின் முன்முனையும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, முன் திருகாணியை மெதுவாகத் தளர்த்த வேண்டும். குழல் கட்டையை விட்டு விலகி எழும்பினால், அதுவரை ஆக்‌ஷன் வளைந்த நிலையில் பூட்டியிருந்தது என்று பொருள். அசைவே தெரியாவிட்டால் படுகை நன்று. நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் விரலுக்குப் பதில் முள் காட்டும் அளவியைப் பொருத்துவார்கள். அது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குக்கு மேல் ஓடினால் வேலையை மறுபடியும் தொடங்குவார்கள்.

அடுத்தது குழல். அதைக் கட்டை எங்குமே தொடக்கூடாது என்பது இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விதி. ஆக்‌ஷன் மட்டும் இறுகப் பிடிபட்டிருக்க, குழல் முழுவதும் காற்றில் நிற்கும். ‘ஃப்ரீ ஃப்ளோட்’ என்று இதைச் சொல்வார்கள். தொடாக் குழல் எனலாம். அமெரிக்கச் சுடுதளங்களில் இதைச் சோதிக்க ஒரு டாலர் நோட்டு போதும். அதைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, முன்முனையிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுப்பார்கள். எங்காவது சிக்கினால் அங்கே மரம் குழலைத் தொடுகிறது.

மரம் தொடுவதில் உள்ள ஆபத்தை மரத்தின் இயல்பே விளக்கும். பச்சை மரம் முழுதாகக் காயும்போது, நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே சுருங்காது. குறுக்குவாக்கில் கறுப்பு வால்நட் 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கும். ஈரம் ஏறினால் அதே திசையில் மறுபடி ஊதும். துப்பாக்கிக் கட்டையில் மரத்தின் இழை குழலுக்கு இணையாக ஓடுவதால், ஊதல் முழுவதும் குழலின் பக்கங்களை நோக்கியே வரும். இழை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கட்டை முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகவே தள்ளும்.

இதில் மனத்தை வருத்தும் ஒன்று உண்டு. பழைய கட்டைத் தச்சர்கள் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழைகூட விழாமல் குடைவதையே தங்கள் கைத்திறனின் உச்சமாகக் கருதினார்கள். அந்தத் திறன் உண்மையானது, அழகானது. ஆனால் மழைக்காட்டில் அதே நெருக்கம்தான் குறியைக் கெடுத்தது. 1964-இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் புகழ்பெற்ற மாடல் 70 துப்பாக்கியை மாற்றி அமைத்தபோது, குழலைச் சுற்றி அகலமான இடைவெளி விட்டுத் தொடாக் குழலாக்கியது. அதற்கு முந்தைய வடிவத்தில் குழலைக் கட்டையோடு ஒரு திருகாணி பிடித்திருந்தது. வாங்குவோர் புதிய இடைவெளியைக் கண்டு முகம் சுளித்தார்கள். இன்றும் 1964-க்கு முந்தைய மாடல் 70-க்குச் சந்தையில் தனி மதிப்பு.

விதி என்றால் விலக்கும் உண்டு. ரெமிங்டன் மாடல் 700-இன் மெல்லிய குழல் வடிவங்களில், கட்டையின் முன்முனையில் வேண்டுமென்றே இரண்டு மேடுகள் விட்டு, குழலை மேல்நோக்கிச் சற்றே அழுத்தும்படி செய்திருந்தார்கள். மெல்லிய குழலின் ஆட்டத்தை அந்த அழுத்தம் அடக்கும். சில துப்பாக்கிகள் அதை நீக்கினால் முன்பைவிட மோசமாகச் சுடுவதும் உண்டு. அந்த அழுத்தம் காலநிலைக்கேற்ப மாறாமல் இருக்கும்வரை அதில் குறையில்லை. கம்மியர்கள் இதனால்தான் மரத்தை ஒரேயடியாக அள்ளியெடுக்காமல், முதலில் ஆக்‌ஷனடியில் மெல்லிய தகடு வைத்துக் குழலைத் தற்காலிகமாக உயர்த்திச் சுட்டுப் பார்ப்பார்கள். சிதறல் குறைந்தால்தான் உளியை எடுப்பார்கள்.

அதிர்வு எப்போதும் எதிரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நம்மூர்க் காவலர்களின் தோளில் நெடுங்காலம் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’ லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரானது. அதன் போல்ட் பின்புறத்தில் பூட்டிக்கொள்வதால் ஆக்‌ஷன் கூடுதலாக நெளியும். குறுகிய தூரத்தில் அது பெரிய துல்லியம் காட்டாது. ஆயிரம் கெஜத்தை நெருங்கினாலோ, எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சுடும் என்று பெயர் வாங்கியது. காரணம் இது: எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் குண்டைத் தள்ளுவதில்லை. வேகம் குறைந்த குண்டு தூரத்தில் அதிகம் தாழ்ந்துவிடும். ஆனால் அது குழலை விட்டுச் சற்றுத் தாமதமாக வெளியேறும். அதற்குள் குழலின் வாய் மேல்நோக்கி இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். தாழ்வும் உயர்வும் ஒன்றையொன்று ஈடுகட்ட, வேகமான குண்டும் மெதுவான குண்டும் குறிப்பிட்ட தூரத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தைத் தொடும். 1994-இல் அமெரிக்காவில் ப்ரவுனிங் நிறுவனம் குழல்வாயில் திருகிப் பொருத்தும் ஓர் எடையை விற்கத் தொடங்கியது; அதை முன்னும் பின்னும் திருகி அதிர்வின் தாளத்தை மாற்றி, தோட்டாவுக்கேற்ற இடத்தில் நிறுத்தலாம். இதன் அடிப்படையும் அதிர்வை அடக்குவதைவிட அதை வசப்படுத்திக்கொள்வதே.

குழலின் கனம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குறுக்களவு 10 விழுக்காடு கூடினால் விறைப்பு கிட்டத்தட்ட 46 விழுக்காடு கூடும். நீளத்தை 24 அங்குலத்திலிருந்து 20-ஆக வெட்டினால் 70 விழுக்காட்டுக்கு மேல் விறைப்பு ஏறும், குண்டின் வேகம் சற்றுக் குறையும். போட்டித் துப்பாக்கிகளின் குழல்கள் தடித்துக் குட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம். வேட்டைக்காரரோ மலையேற வேண்டும்; எடையை அவர் தாங்கமாட்டார். மெல்லிய குழலோடு வாழத்தான் வேண்டும்.

மெல்லிய குழலின் பெரும் பகை சூடு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மில்லிமீட்டர் தடிமன், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒரே ஒரு செல்சியஸ் டிகிரி சூடாக இருந்தால், சூடான பக்கம் விரிந்து குழல் வளையும். அந்த வளைவால் 100 மீட்டரில் குண்டு 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். ஒரு பக்கம் வெயில் படுவதுகூடக் குறியைப் பாதிக்கும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இதோடு, குழலை நேராக்கும்போதும் உள்ளே புரிகளை அழுத்தி உருவாக்கும்போதும் எஃகுக்குள் தங்கிவிட்ட இறுக்கங்கள் சூட்டில் வெளிப்பட்டுக் குழலை ஒரு திசையில் இழுக்கும். சூடேறச் சூடேறத் துளைகள் ஒரே பக்கமாக ஊர்ந்து போவதைப் பார்த்தால் இதுதான் காரணம் என்று கொள்ளலாம். நல்ல குழல் செய்வோர் எஃகைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு அந்த இறுக்கத்தை முன்கூட்டியே தளர்த்திவிடுவார்கள். தொழிற்சாலையில் அது விடுபட்டிருந்தால், கட்டையில் எவ்வளவு வேலை செய்தாலும் தீராது. குழலை மாற்ற வேண்டியதுதான்.

குழலில் செய்யக்கூடிய வேலைகளில் மிகச் சிறியதும் மிகப் பயன் தருவதும் வாய் விளிம்பைச் சீராக்குவது. குண்டு வெளியேறும்போது அதன் அடிப்பாகம் கடைசியாகத் தொடுவது இந்த விளிம்பைத்தான். விளிம்பு முழுவட்டமாகச் சமமாக இருந்தால், பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பும். ஒரு பக்கம் பல் விழுந்திருந்தால் அந்தப் பக்கம் வாயு முந்திப் பாய்ந்து குண்டின் வாலைத் தள்ளிவிடும். துப்பாக்கியை லாரியின் தரையில் வாய் கீழாக நிறுத்தி வைப்பதாலும், துடைக்கும் கம்பியை வாய்வழியே செருகி உரசுவதாலும் விளிம்பு கெடும். கடைசல் எந்திரத்தில் சில நிமிடத்தில் அதைப் புதிதாக வெட்டிவிடலாம்.

இந்த உண்மையை உலகுக்கு நிறுவியவர் ஃப்ராங்க்ளின் மான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டு ஊரைச் சேர்ந்தவர், மருத்துவம் படித்தவர், குண்டு ஏன் ஒரே இடத்தில் விழுவதில்லை என்ற கேள்விக்காகவே பல பத்தாண்டுகளைச் செலவிட்டார். மனிதக் கையின் நடுக்கம் சோதனையில் கலக்கக்கூடாது என்று துப்பாக்கியைக் கட்டையிலிருந்தே பிரித்துவிட்டார். குழலை மட்டும் ‘வி’ வடிவத் தாங்கியில் கிடத்திச் சுட்டார். அந்தத் தாங்கியை நிறுத்திய பெருந்தூணுக்கு அவர் ஜிப்ரால்டர் என்று பெயரிட்டிருந்தார். குண்டு போகும் வழியில் வரிசையாகக் காகிதத் திரைகளைக் கட்டி, ஒவ்வொரு துளையின் வடிவத்திலிருந்தும் குண்டு எங்கே சாய்ந்து பறந்தது என்று கண்டார். வாயையும் குண்டின் அடியையும் வேண்டுமென்றே ஒரு பக்கம் சேதப்படுத்திச் சுட்டு, குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று பதிந்தார். 1909-இல் வெளியான அவரது நூலில் இந்தச் சோதனைகள் அனைத்தும், தோற்றவையும் சேர்த்து, பதிவாகியுள்ளன. தோற்ற சோதனையையும் மறைக்காமல் எழுதியதுதான் அவரை இன்றும் நம்பத் தக்கவராக்குகிறது.

மான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் ஹெரால்டு வான். நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் பறக்கும் பொருள்களின் இயக்கத்தை ஆராய்ந்தவர். ஓய்வு நேரத்தில் .270 வேட்டைத் துப்பாக்கியில் முடுக்கமானிகளையும் இழுவிசை உணரிகளையும் ஒட்டி, அந்த மில்லிநொடியைத் துண்டு துண்டாக அளந்தார். 1998-இல் வந்த அவரது நூல் பலரின் நம்பிக்கையை அசைத்தது. படுகையும் கட்டையும் மட்டுமே குற்றவாளி என்று நினைத்தவர்களுக்கு, குழல் ஆக்‌ஷனில் திருகப்பட்டிருக்கும் மூட்டே சுடும்போது நழுவுகிறது என்று காட்டினார். தொலைநோக்கியின் பிடிகள் நகர்வதையும் பதிவு செய்தார். கட்டைக்குச் செலவு செய்யும் முன், தொலைநோக்கியின் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது என்ற எளிய அறிவுரைக்கு அது அளவுகளின் பலத்தைத் தந்தது.

இந்த வேலைகளால் துல்லியம் கூடியது என்று சொல்வதற்கு என்ன சான்று? இங்கேதான் பெரும்பாலோர் தங்களை அறியாமல் ஏமாந்துபோகிறார்கள். வழக்கமாக மூன்று குண்டு சுட்டு, துளைகளின் அதிகபட்ச இடைவெளியை அளப்பார்கள். மூன்று குண்டு மிகக் குறைவு. தற்செயலாக மூன்றும் நெருங்கி விழலாம், மறுமுறை சிதறலாம். நிகழ்தகவுக் கணக்கின்படி, ஒரு துப்பாக்கி மூன்று குண்டில் சராசரியாக 1 அங்குலம் சிதறினால், துப்பாக்கியும் தோட்டாவும் எதுவும் மாறாமலே பத்துக் குண்டில் சுமார் 1.6 அங்குலம் சிதறும். படுகை போடுவதற்கு முன் பத்துக் குண்டு சுட்டு, போட்ட பிறகு மூன்று குண்டு சுட்டால், ஒன்றுமே மாறாதபோதும் பெரிய முன்னேற்றம் தெரியும். முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கையில், ஒரே தோட்டாவில், குழலை ஆறவிட்டு, பலமுறை சுட்டுப் பார்க்காத எந்தப் பெருமிதத்தையும் அறிவியல் ஒப்புக்கொள்ளாது.

வேட்டைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் எவ்வளவு தேவை என்ற கேள்வி நியாயமானது. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் சிதறும் சாதாரணத் துப்பாக்கியே அதற்குப் போதும். இன்று பல நிறுவனங்கள் ஒரு அங்குலத்துக்கு உத்தரவாதம் தருகின்றன. விலங்கைக் காயப்படுத்தித் துன்பத்தில் ஓடவிடுவது துப்பாக்கியின் சிதறல் மட்டும் அல்ல. ஆகஸ்டில் சரிபார்த்த குறி, நவம்பர் மழையில் நகர்ந்திருந்தாலும் அப்படி நேரும். இந்தியாவில் இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். இங்கே இந்த அறிவு பயன்படுவது சுடுதளப் போட்டியாளருக்கும், சட்டப்படி வேலை செய்யும் கம்மியருக்கும்தான்.

தொழிற்சாலைத் துப்பாக்கி ஒன்றைத் திருத்த நினைப்பவர் செய்ய வேண்டிய வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது. முதலில் திருகாணிகளையும் தொலைநோக்கிப் பிடிகளையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப்பின் வாய் விளிம்பைப் பார்க்க வேண்டும், பிறகு கட்டை குழலைத் தொடுகிறதா என்று சோதிக்க வேண்டும். படுகை வேலை அதற்குப் பிறகு. புதுக் குழல் எல்லாவற்றுக்கும் கடைசி. வேட்டைக்காரருக்கு இவையெல்லாம் பலித்தனவா என்பதைக் காட்டும் சோதனை ஒன்றுதான்: வெயில் நாளிலும் மழை நாளிலும், ஆறிய குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டு ஒரே இடத்தில் விழ வேண்டும்.